டெங்குவை அடக்கக் கொசு வளர்ப்பதா? வோல்பாக்கியா கொசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் பிறந்தால் எங்கள் தெருவில் இரண்டு பேச்சு கட்டாயம் கிளம்பும். புகை மருந்து அடிக்க ஏன் இன்னும் ஆள் வரவில்லை என்பது ஒன்று. ‘பாக்டீரியா ஏற்றிய கொசு’ என்று எதையோ ஊருக்குள் விடப்போகிறார்களாமே, நிஜமா என்பது இன்னொன்று. பூச்சியியல் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக இரண்டாவது கேள்வி என்னிடம் வந்து சேரும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், வாட்ஸ்அப் குழுவில், மாடிப்படியில் என்று பல இடங்களில் கேட்டவற்றுக்கு இங்கே ஒரே மூச்சில் பதில் எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம்.

விஷயம் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

டெங்குவை முக்கியமாகப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. கால்களில் வெள்ளைப் பட்டை, பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். வோல்பாக்கியா என்பது பூச்சிகளின் செல்லுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. உலகத்துப் பூச்சி இனங்களில் ஏறத்தாழப் பாதியில் அது இயற்கையாகவே இருக்கிறது. வாழைப்பழத்தை மொய்க்கும் சின்ன ஈயில் உண்டு, சாக்கடைக் கொசுவில் உண்டு. ஆனால் ஏடிஸ் எஜிப்தி அது இல்லாத பாதியில் சேர்ந்துவிட்டது. ஆய்வகத்தில் அதை இந்தக் கொசுவுக்குள் ஏற்றினால் டெங்கு வைரஸ் கொசுவின் உடம்பில் பெருக முடியாமல் திணறுகிறது. அப்படிப்பட்ட கொசுக்களை விட்டு, ஊரில் இருக்கிற கொசுக் கூட்டத்தையே மெல்ல மாற்றிவிடுவதுதான் திட்டம்.

இருக்கிற கொசு போதாதா? கொல்வதை விட்டுவிட்டு வளர்ப்பானேன்?

நியாயமான கேள்வி. கொல்லத்தான் நூறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2024-இல் மட்டும் உலகம் முழுவதும் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் கணக்கில் வந்தார்கள். அதுவரை காணாத எண்ணிக்கை அது.

புகை வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். புகை தெருவில் போகிறது. ஏடிஸ் எங்கே இருக்கிறது? கதவுக்குப் பின்னால் மாட்டிய சட்டையில், கட்டிலுக்கு அடியில், பீரோ இடுக்கில். நாமோ புகை வந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். வெளியே அகப்பட்ட கொசு செத்தாலும் புழுவும் முட்டையும் அப்படியே இருக்கின்றன. ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த தலைமுறை பறந்து வந்துவிடும். போதாததற்கு, பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சி மருந்துகளுக்குப் பல நாடுகளில் ஏடிஸ் பழகிவிட்டது. நோய் கொழுந்துவிட்டு எரியும் ஒரு தெருவில் அவசரத்துக்குப் புகை அடிப்பதில் பொருள் உண்டு. மற்றபடி, ‘ஏதோ செய்கிறார்கள்’ என்ற நிம்மதியை ஊருக்குத் தருவதுதான் அதன் பெரிய பயன் என்பது என் அபிப்பிராயம்.

முட்டையின் சாமர்த்தியம் தனிக்கதை. எங்கள் வீட்டுக் கொல்லையில் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று உண்டு. ஒருமுறை தண்ணீரை முழுவதும் கவிழ்த்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே, மிளகுப் பொடி தூவிய மாதிரி கறுப்புக் கோடு. விரலால் தேய்த்தால் வரவில்லை, அவ்வளவு ஒட்டல். அவைதான் முட்டைகள். தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி டிரம்மை நிரப்பினால் பொரிக்கும். டிரம்மைக் கவிழ்த்த கையோடு திருப்தியாகி விடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தேங்காய் நார் போட்டுச் சுவரை உரசித் தேய்க்க வேண்டும்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

பாக்டீரியா பழைய ஆள். 1924-இல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் க்யூலெக்ஸ் என்ற கொசு வகைக்குள் (நம் சாக்கடைக் கொசுவும் அந்த வகைதான்) அதைப் பார்த்தார்கள். பிறகு அது பல காலம் யாரும் சீண்டாத ஆராய்ச்சிச் சங்கதியாகவே கிடந்தது.

அதை டெங்குவோடு முடிச்சுப் போட்டவர் ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஓ'நீல். அவருடைய முதல் யோசனை வேறு. டெங்கு ரத்தத்தைக் குடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் பிடிக்கும். ஆகவே ஆபத்தானது கிழட்டுக் கொசுதான். பழ ஈயில் ஆயுளைக் குறைக்கும் வோல்பாக்கியா ரகம் ஒன்று இருந்தது. அதைக் கொசுவுக்குள் ஏற்றினால், வைரஸ் தயாராகும் முன்னே கொசு செத்துப்போகுமே என்று கணக்குப் போட்டார்.

சொல்வது சுலபம். கொசு முட்டை அரை மில்லிமீட்டரை ஒட்டிய நீளம். இட்டவுடன் வெளுப்பாக, மெத்தென்று இருக்கும். சற்று நேரத்தில் கறுத்து இறுகிவிடும். அதற்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால், மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு முட்டையாகக் குத்தி பாக்டீரியாவைச் செலுத்த வேண்டும். பெரும்பாலான முட்டைகள் குத்திலேயே போய்விடும். பிழைத்து வந்த கொசுவும் இரண்டு மூன்று தலைமுறையில் பாக்டீரியாவைத் தொலைத்துவிடும். கடைசியில், பாக்டீரியாவைச் சுமார் மூன்று வருடம் கொசு செல்களிலேயே வளர்த்துப் பழக்கி, அதன் பிறகு ஏற்றினார்கள். அது நிலைத்தது. 2009-இல் முடிவு வெளியானது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆயுள் குறைக்கும் ரகம் களத்தில் எடுபடவில்லை. கொசு மிகவும் நோஞ்சானாகி, நாட்டுக் கொசுவோடு போட்டிபோட முடியாமல் தோற்றுவிட்டது. ஆனால் அதே 2009-இல் வேறொன்று தெரியவந்தது: வோல்பாக்கியா இருக்கும் கொசுவில் டெங்கு வைரஸே சரியாக வளரவில்லை. கொசு சாகவே வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும்! அதன்பின் கொசுவை அவ்வளவாக வாட்டாத டபிள்யூமெல் என்ற ரகத்தை எடுத்துக்கொண்டு, 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரத்துப் புறப்பகுதிகள் இரண்டில் முதல்முறையாக வெளியே விட்டார்கள்.

வைரஸ் ஏன் வளர்வதில்லை?

முழுக் கதையும் இன்னும் அவிழவில்லை. இரண்டு காரணங்கள் பேசப்படுகின்றன. கொசு செல்லில் இருக்கும் கொலஸ்ட்ரால் போன்ற சரக்கு வைரஸுக்கும் வேண்டும், வோல்பாக்கியாவுக்கும் வேண்டும். முதலில் குடிவந்தவர் எடுத்துக்கொள்கிறார். இன்னொன்று, உள்ளே ஒரு பாக்டீரியா இருப்பதால் கொசுவின் எதிர்ப்புச் சக்தி எப்போதும் விழிப்பாக இருக்கிறது.

சில கொசுக்களை விட்டால் ஊர்க் கொசு எல்லாம் எப்படி மாறும்?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். வோல்பாக்கியா தாய்வழிச் சொத்து. முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆண் கொசு அதற்கு ஒரு முட்டுச்சந்து. எனவே அது தாய்மாருக்குச் சாதகமாக ஒரு தந்திரம் செய்கிறது.

வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் அந்த முட்டைகள் பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண்ணோ, எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். பிள்ளைகள் அனைத்துக்கும் பாக்டீரியா இருக்கும். ஆக, பாக்டீரியா இல்லாத பெண்ணின் வம்சம் ஒவ்வொரு தலைமுறையிலும் தேய்கிறது, உள்ளவளின் வம்சம் வளர்கிறது. வட்டிக்கு வட்டி மாதிரிதான். ஆனால் முதல் போதுமான அளவு இருக்க வேண்டும். குறைவாக விட்டுவிட்டு நிறுத்தினால் பழையபடி நாட்டுக் கொசுவே மேலோங்கிவிடும். அதனால்தான் சில மாதங்கள் தொடர்ந்து விடுகிறார்கள். ஒரு அளவைத் தாண்டிய பிறகு தானாகவே ஓடும்.

இந்தத் தந்திரத்தைக் கொசு ஒழிப்புக்குப் பயன்படுத்தியது புதிதும் அல்ல. 1967-இல் ஹானெஸ் லாவென் என்ற ஜெர்மானியர், பர்மாவில் ரங்கூனுக்குப் பக்கத்தில் ஓக்போ என்ற கிராமத்தில், யானைக்கால் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவை இதே முறையில் அடக்கிக் காட்டினார்.

பலன் நிரூபணம் ஆகியிருக்கிறதா, அல்லது விளம்பரமா?

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையைத்தான் நான் முதலில் காட்டுவேன். மருந்துக்குச் செய்வது போலவே கறாராகச் செய்தார்கள். நகரத்தை 24 வட்டாரங்களாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12-இல் மட்டும் வோல்பாக்கியா கொசு. மீதி 12-இல் வழக்கமான ஒழிப்பு வேலை மட்டும். கொசுவாகப் பறக்கவிடாமல், மூடி போட்ட சின்ன வாளியில் தண்ணீரும் முட்டையும் தீனியும் வைத்து வீட்டு ஓரங்களில் வைத்தார்கள். பக்கவாட்டு ஓட்டை வழியாக அதுவாகப் பறந்து போகும். தலைமை தாங்கியவர் காஜா மதா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆதி உதாரினி.

பிறகு காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களை எல்லாம் சோதித்தார்கள். சாதாரண வட்டாரக்காரர்களில் 9.4 சதவீதம் பேருக்கு டெங்கு. வோல்பாக்கியா வட்டாரக்காரர்களில் 2.3 சதவீதம். கணக்கிட்டால் 77 சதவீதக் குறைவு. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றிய டெங்குவில் 86 சதவீதக் குறைவு. 2021-இல் முடிவு வெளியானது. மக்கள் வட்டாரம் விட்டு வட்டாரம் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் எல்லா ஊரும் யோக்யகர்த்தா இல்லை. பிரேசிலின் நிதெரோயில் 69 சதவீதம் குறைந்தது. பாலம் தாண்டி எதிரே இருக்கும் ரியோ டி ஜெனிரோவில் 38 சதவீதம்தான். அங்கே பாக்டீரியா கொசுக் கூட்டத்தில் சரியாக வேரூன்றவில்லை. பெரிய நகரம், நெருக்கமான குன்றுக் குடியிருப்புகள், சில பகுதிகளுக்குள் போகவே முடியாத நிலைமை. எனவே ‘77 சதவீதம்’ என்று யாராவது போஸ்டர் அடித்தால், எந்த ஊரில் என்று கேளுங்கள்.

நம் ஊர் வெயிலைத் தாங்குமா?

இதைக் கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். நான் எதிர்பார்க்காத இடத்தில் கை வைத்துவிட்டார்.

டபிள்யூமெல் ரகத்துக்குச் சூடு ஆகாது. புழு வளரும் தண்ணீர் பகலில் 37 டிகிரியைத் தொட்டுத் தொட்டு இறங்கினால், கொசுவுக்குள் பாக்டீரியாவின் அளவு பாதாளத்துக்குப் போய்விடுகிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். மொட்டைமாடியில் மே மாதம் கிடக்கும் டயரில் தேங்கிய தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், புரியும். அதனால்தான் டபிள்யூஅல்பி என்ற இன்னொரு ரகமும் களத்தில் இருக்கிறது. அது ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுத்தது, சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். கோலாலம்பூரில் 2017 முதல் அதை விட்டுப் பார்த்தபோது டெங்கு சுமார் 40 சதவீதம் குறைந்தது.

சிங்கப்பூரில் என் மகள் வீட்டுப் பக்கம் ஆண் கொசுவை மட்டும் விடுகிறார்களாம். அதுவும் இதுவும் ஒன்றா?

பாக்டீரியா ஒன்று, நோக்கம் வேறு. சிங்கப்பூரில் 2016 முதல் ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. அது ஊர்ப் பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது, எனவே கொசு எண்ணிக்கையே விழுகிறது. விட்ட பகுதிகளில் டெங்கு 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாகக் கணக்கு. அருமையான பலன்தான், ஆனால் நிறுத்தினால் கொசு திரும்ப வரும். வாரா வாரம் லட்சக்கணக்கில் வளர்த்து, ஆணையும் பெண்ணையும் பிரித்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டுப்புழுப் பருவத்தில் ஆண் சிறிது, பெண் பெரிது. அந்த அளவை வைத்துத்தான் இயந்திரம் பிரிக்கிறது. பணமும் ஒழுங்கும் உள்ள சிறிய நாட்டுக்கு அது சரி.

இலங்கையில் கொழும்பு நகரின் ஒரு பகுதியிலும் நுகேகொடையிலும் நடந்தது யோக்யகர்த்தா வகை. ஆணும் பெண்ணும் சேர்த்து விட்டு, கூட்டத்தை மாற்றுவது. நமக்கும் ஒத்துவரக்கூடியது அந்த வழிதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கொசு கடித்தால் பாக்டீரியா நமக்கு வருமா?

வராது. அது மனித செல்லுக்குள் வாழத் தெரியாத பாக்டீரியா. ஆய்வகத்தில் கொசுக்களுக்குத் தங்கள் கையையே தீனியாகக் கொடுத்த தொண்டர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வோல்பாக்கியாவுக்கு எதிராக உடம்பு எதிர்ப்புப் பொருள் தயாரித்த தடயம் எதுவும் இல்லை. தவிர, வோல்பாக்கியா உள்ள சாக்கடைக் கொசு நம் தாத்தா காலத்திலிருந்து நம்மைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மரபணு மாற்றிய கொசுவா என்றும் கேட்கிறார்கள். இல்லை. கொசுவின் மரபணுவில் யாரும் கை வைப்பதில்லை. ஆக்ஸிடெக் நிறுவனத்தின் கொசுதான் மரபணு மாற்றியது, அது வேறு.

நம் ஊருக்கு எப்போது வரும்?

புதுச்சேரியில் இருக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திடமிருந்து முட்டைகளை வாங்கி, டபிள்யூமெல், டபிள்யூஅல்பி இரண்டு ரக பாக்டீரியாவையும் உள்ளூர் ஏடிஸோடு கலந்து வளர்த்து, கொசுக்கள் தயார் என்று 2022-இல் அறிவித்தது. அறிவியல் பாதி வழி வந்துவிட்டது. களத்தில் விட அரசு அனுமதி வேண்டும். அனுமதியைவிட முக்கியமாக, மக்கள் சம்மதம் வேண்டும்.

இந்தியாவுக்கு இதில் ஒரு சூடு பட்ட அனுபவம் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து டெல்லியில் கொசுவை மரபியல் முறையில் கட்டுப்படுத்தும் ஆய்வுப் பிரிவு ஒன்றை நடத்தின. பணம் அமெரிக்காவுடையது. மலட்டு ஆண் ஏடிஸ் கொசுக்களை ஹரியானாவின் சோனிபத்தில் விடத் தயாரானபோது, இது உயிரியல் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளில் புகார் கிளம்பியது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவதும் அதே ஏடிஸ்தான், மலேரியாவைவிட இதில் அமெரிக்காவுக்கு என்ன அக்கறை என்று கேட்டார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1975-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். சந்தேகம் சரியோ தவறோ, ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே வாய் திறந்து பேசாததன் விலை அது. யோக்யகர்த்தாவில் கொசு விடுவதற்கு முன் வருடக்கணக்கில் தெருத்தெருவாகப் பேசினார்கள்.

வைரஸ் இதையும் தாண்டிவிடாதா?

தாண்டலாம். வைரஸ் மாறக்கூடியதுதான், யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் கெய்ர்ன்ஸில் பத்து வருடத்துக்கும் மேலாக பாக்டீரியா கொசுக்களில் நிலையாக இருக்கிறது. அதே நாட்டின் டவுன்ஸ்வில் நகரத்திலும் உள்ளூரில் பரவும் டெங்கு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

இவ்வளவு எதற்கு, தடுப்பூசி போட்டால் தீர்ந்ததே?

டெங்குவில் நான்கு வகை. அங்கேதான் சிக்கல். ஒரு வகை வந்து போனால் அதற்கு எதிர்ப்புச் சக்தி நிற்கும்; ஆனால் வேறு வகை இரண்டாவதாக வரும்போது, பழைய எதிர்ப்புப் பொருளே வைரஸைச் செல்லுக்குள் கைபிடித்து அழைத்துப்போய் நோயை முற்றவைக்கலாம். 2016-இல் பிலிப்பைன்ஸில் பல லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்குவே வராத பிள்ளைகளுக்கு அந்த ஊசி ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே ஒத்துக்கொண்டது. அதன் பிறகு அந்த நாட்டில் மற்றத் தடுப்பூசிகள் மீதும் நம்பிக்கை சரிந்தது. அடுத்த தலைமுறை ஊசிகள் இதைவிட நல்லவை. பனேசியா பயோடெக்கின் டெங்கிஆல் ஊசிக்கு 10,335 பேரிடம் இந்தியாவில் மூன்றாம் கட்டச் சோதனை 2024-இல் தொடங்கியது. ஊசி வந்தாலும் கொசு வேலை இருக்கும்.

சிக்குன்குனியா, மூளைக்காய்ச்சல், மலேரியா எல்லாம் நிற்குமா?

சிக்குன்குனியாவும் ஸிக்காவும் அதே ஏடிஸ் பரப்புவதால் அவற்றுக்கும் தடை விழும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு விழாது. அது வயல் தண்ணீரில் வளரும் க்யூலெக்ஸ் வழியாக, பன்றி, கொக்கு வகைகளிலிருந்து வருவது. இந்தியாவில் அதன் முதல் நோயாளிகள் தெரியவந்ததே 1955-இல் நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில்தான். மலேரியா அனாஃபிலிஸ் கொசுவின் வேலை.

கொசுக்கடியாவது குறையுமா?

குறையாது. விடுகிற மாதங்களில் கொஞ்சம் கூடவும் செய்யலாம். ராத்திரி காதில் பாடுவது வேறு கொசு, அதற்குச் சாக்கடையைத்தான் பார்க்க வேண்டும்.

நிலவேம்புக் கஷாயம்?

குடிப்பது உங்கள் விருப்பம். கொசுவை அது ஒன்றும் செய்யாது. காய்ச்சல் விட்டதும் ‘சரியாகிவிட்டது’ என்று இருந்துவிடாதீர்கள். டெங்குவில் சிக்கல் வருவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து துவள்வது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரூஃபென் வேண்டாம்.

அந்தக் கொசு முட்டை பாக்கெட்டில் கிடைக்குமா? எங்கள் வீட்டுக்கு மட்டும் வாங்கி விட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் மாடி அண்ணன் கேட்டது, சிரிக்காமல்தான் கேட்டார். இங்கே விற்பனைக்கு இல்லை. கிடைத்தாலும் ஒரு வீட்டுக்கு மட்டும் விட்டுப் பயனில்லை. ஏடிஸ் சாதாரணமாக நூறு, இருநூறு மீட்டர் சுற்றும். உங்கள் ஐம்பது கொசுவைத் தெருவின் ஆயிரம் கொசு விழுங்கிவிடும். அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜின் பின்தட்டைக் கழற்றிப் பாருங்கள். பார்த்தார். மறுநாள் ஒரு கண்ணாடி டம்ளரில் நாலைந்து புழு நெளிய, என் வீட்டுக் கதவைத் தட்டினார்.